மேலை ஒருத்தரும் இல்லை, ஓடர்?

தக்ஷிகா பிள்ளைக்கு,

விசாரணை அறையில் ஜன்னலைத் திறக்கச் சொன்னது நீங்கள்தான். நான் கேட்கவில்லை. என் நெற்றி வேர்த்திருந்ததைப் பார்த்து நீங்களாகவே அதிகாரியிடம் சொன்னீர்கள். அதற்கு நன்றி சொல்ல மறந்து வந்துவிட்டேன். பீல் நகரத்துக்கு ரயில் பிடிக்கிற அவசரத்திலும் படிக்கட்டு வரை கூட வந்து, "அங்கிள், இனிமேல் ஒண்டையும் யோசிக்காதேங்கோ. உங்களிலை ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த வசனத்தைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர், வயது, இன்டர்லாக்கன் விலாசம், ஹோட்டலில் முப்பத்திரண்டு வருடமாகக் காலைச் சாப்பாட்டுச் சமையல் என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை. இங்கே சுவிஸில் உள்ள எங்கள் ஆட்கள் என்னைச் சச்சிதானந்தன் என்று கூப்பிடுவதில்லை. 'கடிதச் சச்சி' என்பார்கள். அகதி முகாமில் இருந்த நாளிலேயே பழைய பேப்பரையும் ஓர் அகராதியையும் வைத்து ஜெர்மன் படித்துவிட்டேன். மற்றவர்கள் வேலை முடிந்து வந்து சீட்டாடினார்கள். எனக்குச் சீட்டாட்டம் பிடிக்காது. பிறகு கன்ரோன் அரசாங்கக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம், வீட்டுக்காரன் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் என்று எல்லாம் என்னிடம் வந்தன. கோட்டுப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நிமிர்த்தி, "அண்ணை, இது நல்லதோ கெட்டதோ?" என்று கேட்பார்கள். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. நல்லதா கெட்டதா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். ஆகவே நான் சுருக்கிச் சொல்லப் பழகினேன். சுருக்குகிறவன் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். இது உங்களுக்கும் தெரிந்த தொழில்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன்; நீங்கள் வந்தீர்கள். அதிலே பொய் எதுவும் இல்லை. வேண்டும் என்றுதான் தோன்றியது. எனக்கு ஜெர்மன் எவ்வளவு தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தவச்செல்வனை நான் தவம் என்றுதான் கூப்பிட்டேன். தொண்ணூற்றொன்றில் ஹோட்டல் வேலைக்காரர் குடியிருப்பில் ஓர் அறையை எங்கள் இருவருக்கும் தந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஏரிப் பக்கம் ஒரு ஜன்னல். அவன் சட்டி கழுவினான், பிறகு சலவைப் பகுதிக்குப் போனான். உரத்துப் பேசுவான். பாடத் தெரியாமல் பாடுவான். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு கிழமை முழுவதும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, "குடியடா, நீ செத்தால் ஆர் எனக்குக் கடிதம் வாசிக்கிறது?" என்றான். ஜெர்மன் வகுப்புக்குப் போ என்று ஹோட்டலில் இரண்டு தரம் அனுப்பினார்கள். இரண்டு தரமும் பாதியில் வந்துவிட்டான். "வீட்டுக்குள்ளை கிணறு இருக்கேக்கை ஆர் வெளியிலை தண்ணி அள்ளப் போறது?" என்றான். நான் சிரித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

ஊரில் அவனுக்கு மனைவி பத்மினி இருந்தாள். அவன் ஊரை விட்டு வரும்போது நாலு வயதில் ஒரு மகள். அவர்களை இங்கே எடுப்பதற்கு விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், இதைச் சொல்லவேண்டும். தொண்ணூற்றெட்டு மார்ச்சில் பதில் வந்தது. கொள்கையளவில் சம்மதம், திருமணப் பதிவினதும் பிறப்புப் பதிவுகளினதும் மூலப் பிரதிகளைத் தொண்ணூறு நாளுக்குள் அனுப்பவும் என்று இருந்தது. ஒன்றரைப் பக்கம். தவம் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"என்னவாம்?"

"இன்னும் பாத்துக்கொண்டிருக்கினமாம்."

"கெட்டதில்லையே?"

"இல்லை, கெட்டதில்லை."

ஆறு மாதம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அவர்கள் வந்தால் அவன் குடும்ப வீடு எடுத்துப் போய்விடுவான். அந்த அறையில் நான் தனியே இருப்பேன். பத்மினியோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவளை நான் பார்த்ததே கிடையாது. படத்தில் நல்ல முகம். ஜூலையில் இரண்டாவது கடிதம் வந்தது. பத்திரங்கள் வந்து சேராதபடியால் கோப்பு மூடப்பட்டது, திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று. "மறுத்திட்டாங்கள் மச்சான்" என்றேன். திரும்ப விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லத்தான் இருந்தேன். அவன் கட்டிலில் இருந்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்தில் சொல்வது பொருத்தமாகப் படவில்லை. பிறகு பொருத்தமான நேரம் ஒன்று வரவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை நடந்தபோது அவர்கள் ஒதுங்கியிருந்த வீட்டின் மேல் ஷெல் விழுந்தது. தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில். செய்தியைத் தொலைபேசியில் கேட்டதும் நான்தான். அதையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

இரண்டு கடிதங்களும் அவனுடைய ஓர்ட்னரில் இருந்தன. இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிற தடித்த கோப்பு, உங்களுக்குத் தெரியும். அவனுடையது பச்சை. வருட ஒழுங்கில் துளையிட்டு நான்தான் கோர்த்து வைத்தேன். அவற்றை உருவிக் கிழித்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அரசாங்கக் கடிதத்தைக் கிழிக்கிற ஆள் நான் இல்லை.

அதன் பிறகு அவன் வேறு கலியாணம் கட்டவில்லை. நானும் கட்டவில்லை. ஓர் அறை இரண்டு அறை வீடாக மாறியது. தவம் கார் ஓடப் பழகினான். பழைய சுபாரு ஒன்று வாங்கினான். எங்கள் இருவருக்கும் புதன்கிழமை லீவு. புதனில் மற்றவர்கள் கடைக்குப் போனார்கள். தவம் தெருவே இல்லாத இடத்துக்குத் தெரு தேடிப் போனான். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தொடங்கி, நடுவில் அறுந்து நிற்கிற தெருக்கள் அவனுக்குப் பிடிக்கும். கணவாயில் எல்லாரும் நின்று படம் எடுக்கிற இடத்தில் அவன் நிற்கமாட்டான். அதற்கு முன்னால் இடப்பக்கம் பிரியும் சரளைப் பாதையில் திருப்பிவிடுவான். மரம் முடியும், பிறகு புல் முடியும். பிறகு சாம்பல் கல். கண்ணுக்கு எட்டிய வரையில் கல்லும் அதன் மேல் காற்றும்தான். பாலை என்றால் மணல் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே அதைக் கல்லால் செய்து உயரத்தில் வைத்திருக்கிறார்கள். தவம் அதற்குத் துபாய் என்று பெயர் வைத்திருந்தான். புதன் காலையில் கதவைத் தட்டி, "எழும்படா கிழவா, துபாய்க்குப் போவம்" என்பான்.

அப்படித் தேடித்தான் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தோம். பெயர் கோப்பில் இருக்கிறது. பாதையின் முடிவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடைக்கம்பம். அதற்கு அப்பால் இராணுவத்தின் சூட்டுப் பயிற்சி எல்லை. முதல்நாள் தவம் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தான். கைகள் ஸ்டியரிங்கில். எங்கள் இருவருக்கும் எல்லைக் கம்பம் என்றால் என்னவென்று தெரியும். பிறகு கம்பத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

எந்தெந்த நாளில், எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை சுடுவார்கள் என்ற அட்டவணை. மற்ற நேரத்தில் பாதையால் நடக்கலாம் என்றும் இருந்தது. வாசித்துச் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

"என்னடா இது? சண்டைக்கும் டைம்டேபிளோ?"

"ஓம். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடைவேளை விட்டிருக்கிறாங்கள்."

"எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒரு தாள் ஒட்டியிருந்தால் அரைவாசிச் சனம் உயிரோடை இருந்திருக்கும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு பதினாறு வருடமாக, கோடையில் மாதம் ஒரு தரமாவது அங்கே போனோம். அவன் உள்ளே நடப்பான். ஆமிக்காரனின் காணிக்குள் ஒருவரும் மறிக்காமல் நடப்பது அவனுக்கு ஒரு பெருமை. கடைசி மேடு வரை போய்த் திரும்ப இரண்டரை மணித்தியாலம். எனக்கு முழங்கால் சரியில்லை. நான் கம்பத்தடியில் பிளாஸ்கோடும் புத்தகத்தோடும் இருப்பேன். தாளை வாசிப்பது என் வேலை. ஒருநாளும் நான் அதைப் பிழையாக வாசித்ததில்லை. அன்றைக்கும் இல்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது தவம் சொன்னான். "சரணியா ஞாயிற்றுக்கிழமை வாறாள்."

சரணியா அவனுடைய தங்கையின் மகள். இங்கே பிறந்தவள். டீட்டிகோனில் இருக்கிறாள், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை.

"நல்லம்" என்றேன்.

"ஓர்ட்னரைக் கொண்டுபோகப் போறாள். சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவம் எண்டு நிக்கிறாள். எல்லாத்தையும் ஸ்கான் பண்ண வேணுமாம்."

"அதை நானே செய்து தருவன்."

"நீ எவ்வளவைத்தான்ரா செய்வாய்? முப்பது வருசமா எனக்கு லோயரும் நீ, பெண்டாட்டியும் நீ." சிரித்தான். வளைவில் கியர் மாற்றினான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். "முதல் தாளிலையிருந்து ஒவ்வொண்டா வாசிச்சுச் சொல்லுறன் மாமா எண்டவள். பத்மினீன்ர அலுவலையும் கேக்கப் போறன். என்னத்துக்கு மறுத்தவங்கள் எண்டு அவங்கள் எழுதின சொல்லாலை ஒருக்காக் கேக்கவேணும் மச்சான். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அது ஒண்டுதான்."

"பழசைக் கிண்டி என்ன செய்யப் போறாய்?"

"கிண்டேல்லை. கேக்கப் போறன். அவ்வளவுதான்."

அதன் பிறகு என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. பேசினோம் என்பது நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளில் எதையாவது யோசிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவத்திடம் நானே சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். மேலே போய்ச் சேர்ந்து தேநீர் குடிக்கும்போது சொல்வோம் என்று தீர்மானித்திருந்தேன். அவன் தேநீர் குடித்தான். கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை.

தாளை வாசித்தேன். அன்றைக்குப் பகல் ஒரு மணி தொடக்கம் நாலு மணி வரை சூடு. அப்போது மணி ஒன்பதே கால். "ஒண்டுக்குத் தொடங்குதாம். பன்னிரண்டுக்கு முன்னம் வந்திடு" என்றேன்.

"பதினொண்டரைக்கு நிப்பன். கொத்து ரொட்டியைத் தனியத் திண்டு முடிச்சிடாதை" என்று சொல்லிவிட்டுக் கம்பத்துக்கு அடியால் குனிந்து போனான். சிவப்பு ஜாக்கெட். முதல் வளைவில் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கிக் காட்டினான். அது அவன் வழக்கம்.

பதினொன்றரைக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. தொலைபேசி அங்கே எடுக்காது. நான் கம்பத்தடியில் எழுந்து நின்று பார்த்தேன். ஒரு தரம் கொஞ்சத் தூரம் உள்ளே நடந்து கூப்பிட்டும் பார்த்தேன். முழங்கால் விடவில்லை. அந்த நேரத்தில் நான் பயந்துதான் இருந்தேன். அவனுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்றுதான் இருந்தேன். இதையும் நீங்கள் நம்பவேண்டும்.

பன்னிரண்டரைக்குக் கீழிருந்து ஒரு இராணுவ வண்டி வந்தது. இரண்டு பேர். ஒருவன் வண்டிக்குள் வயர்லெஸ்ஸோடு இருந்தான். மற்றவன் இறங்கிக் கம்பத்தைப் பூட்டு போட்டுப் பூட்டினான். திரும்பி என் முகத்தைப் பார்த்தவுடன் அவன் முகம் மாறியது.

"அங்கிள், நீங்கள் தமிழோ?"

ஜெரோசன். இருபத்தொரு வயது. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே இராணுவச் சேவை செய்கிற பிள்ளை. சீருடைக்கு மேலே எங்கள் முகம். நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். அவனுக்கு அது விளங்கியிருக்கவேண்டும். "பயப்பிடாதேங்கோ, நாங்கள் நல்ல ஆமி" என்று சொல்லிச் சிரித்தான். தாய் தகப்பன் எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் போவார்கள் என்று கேட்டேன். சொன்னான். தாயை எனக்குத் தெரியும். அவளுடைய கடிதங்களும் வாசித்திருக்கிறேன்.

பிறகு அவன் மேலே பார்த்தான். வண்டியில் இருந்தவன் ஏதோ கேட்டான். இவன் என் பக்கம் திரும்பி, இந்த நாட்டுப் பிள்ளைகள் கதைக்கிற மாதிரி, பாதி அதில் பாதி இதில், வாலில் சுவிஸ்காரரின் 'அப்படித்தானே'யை ஒட்டி, இப்படிக் கேட்டான்:

"அங்கிள், மேலை ஒருத்தரும் இல்லை, ஓடர்?"

"நைன்" என்றேன். ஜெர்மனில் 'இல்லை'.

அவன் வண்டிப் பக்கம் திரும்பிப் பெருவிரலைக் காட்டினான். மற்றவன் வயர்லெஸ்ஸில் சொன்னான். பைனாகுலரால் ஒருதரம் சரிவைப் பார்த்தார்கள். ஒரு மேட்டுக்குப் பின்னால் தவம் இருந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. வலது கணுக்கால் முறிந்திருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டியிருந்தான். தாளை நான் வாசித்தவன், நேரம் எனக்குத் தெரியும், கீழே நான் நிற்கிறேன், ஆள் அனுப்புவேன் என்று பேசாமல் காத்திருந்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அரை மணித்தியாலம் இருந்தது. விசாரணையில் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜெரோசன் கம்பத்தடியில் நின்றான்; குளிர் காற்று. குளிரில் நிற்கிற பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுப்பது எங்கள் பழக்கம். கார் பொனட்டில் இரண்டு கோப்பை இருந்தன. தவத்தின் கோப்பையைக் கழுவி அதில் ஊற்றிக் கொடுத்தேன். "அம்மாவின்ர தேத்தண்ணி மாதிரி இருக்கு அங்கிள்" என்று குடித்தான். சேவை முடிந்ததும் என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டேன். எலெக்ட்ரிக்கல் என்றான். நல்லது என்றேன். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தபோது அதைச் சொல்லத்தான் திறந்தேன். வேறு ஏதாவது வந்தது. என்னால் முடியவில்லை, பிள்ளை. இதைத் தவிர அதற்கு எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

ஒரு மணி ஆகப்போகும்போது அவர்கள் வண்டியில் கீழே போனார்கள். ஒரு மணிக்குச் சூடு சரியாகத் தொடங்கியது. இந்த நாட்டில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும். நான் காருக்குள் ஏறி என் இருக்கையில் இருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். முதல் சத்தத்துக்கு எண்ணத் தொடங்கி, எங்கோ விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குப் பிறகு ஜெரோசன் கம்பத்தைத் திறக்க வந்தான். கண்ணாடியில் தட்டினான்.

"அங்கிள், நீங்கள் இன்னும் போகேல்லையோ?"

"எனக்குக் கார் ஓடத் தெரியாது, தம்பி."

அவன் சிரிக்கப் போனான். பிறகு ஓட்டுகிறவர் இருக்கையைப் பார்த்தான். அங்கே தவத்தின் மூக்குக் கண்ணாடிக் கூடு கிடந்தது.

"அப்ப ஆர் ஓடிக்கொண்டு வந்தது?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தை எழுத எனக்கு வராது.

விசாரணையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஆள் இருப்பதை நான் சொல்லிவிட்டேன், அவர்கள் தேடிக் கூட்டிவருவார்கள் என்று நினைத்து இருந்துவிட்டேன் என்று சொன்னேன். என்ன சொன்னீர் என்று அதிகாரி கேட்டார். 'நைன்' என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது நீங்கள், உங்கள் வேலையில் அது அடங்காது என்று தெரிந்தும், ஒரு விளக்கம் சொல்ல அனுமதி கேட்டீர்கள். தமிழில் 'ஒருத்தரும் இல்லைத்தானே' என்று கேட்டால், ஆள் இருந்தால் நாங்கள் 'இல்லை, இருக்கினம்' என்போம். கேட்டவர் சொன்னது பிழை என்பதற்குத்தான் அந்த 'இல்லை'. வயதானவர்கள் பின்பாதியை விழுங்கிவிடுவார்கள். ஜெர்மனில் அந்த இடத்துக்கு 'டொக்' என்று தனிச்சொல் இருக்கிறது, பிந்திப் படித்தவர்களுக்கு அது வாயில் வராது. இந்த மனிதர் 'ஆள் இருக்கிறது' என்றுதான் சொல்லியிருக்கிறார், அந்தப் பிள்ளை அதை ஜெர்மனாகக் கேட்டுவிட்டான். நீங்கள் சொல்லி முடித்தபோது அதிகாரி பேனாவைத் திரும்ப எடுத்து எழுதினார். சுருக்கெழுத்துக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண்ணீர் வந்தது. அப்படி ஒரு அழகான விளக்கம் எனக்கே தோன்றியிருக்கவில்லை.

என் கோப்பு மூடப்பட்டது. சரணியா தவத்தின் அறையிலிருந்து பச்சை ஓர்ட்னரை எடுத்துவந்து என்னிடமே தந்தாள். "மாமாவின்ர பேப்பர் உங்களுக்குத்தானே விளங்கும், நீங்களே வைச்சிருங்கோ" என்று அழுதாள். திறந்து பார்க்கவில்லை என்றாள். வாங்கி அலுமாரியில் வைத்தேன்.

ஜெரோசனின் கோப்பு மூடப்படவில்லை. இரண்டாம் தரம் கேட்டிருக்கவேண்டும், விளங்குகிற பாஷையில் கேட்டிருக்கவேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் அவனுடைய வழக்கு. படிக்கப் போகவில்லை. அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று தாய் சொன்னாள். கோயிலில் சனத்துக்கு நடுவில் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணை, என்ர பிள்ளை உங்கட சொல்லைப் பிழையா விளங்கீட்டான். அவனை மன்னிச்சன் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, நான் போய்ச் சொல்லுறன்" என்று கேட்டாள்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவள் என் காலில் விழப்போனாள். நான் விடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை சரியில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தக்ஷிகா, 'டொக்' எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பதினைந்து வருடம் ஜெர்மன் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் பாடத்திலேயே அதைச் சொல்லிவிடுவேன். 'இல்லையோ' என்று கேட்டால் 'இல்லை' என்று தொடங்காதீர்கள், 'டொக்' என்று தொடங்குங்கள், இல்லாவிட்டால் வேலையிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள் என்று. தவத்துக்குத் தெரிந்த ஏழெட்டு ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. ஜெரோசன் என்னைத் தமிழில் கேட்டான். நான் தமிழில் பதில் சொல்லியிருக்கலாம். 'இல்லை' என்றிருந்தால், 'இருக்கோ இல்லையோ அங்கிள்?' என்று அவன் திருப்பிக் கேட்டிருப்பான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகம் வரும். 'நைன்' என்றால் வராது. அதை நான் யோசித்துத்தான் சொன்னேன். நீண்ட யோசனை இல்லை; அவன் 'ஓடர்' என்று முடித்ததற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையில் இருந்த நேரம் அதற்குப் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்தேன். முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கிற சரணியாவின் குரலை நினைத்தேன். தவத்தின் முகத்தை நினைத்தேன். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது என்று தெரிந்தது. சொன்னேன். என் 'நைன்' நல்ல ஜெர்மன், பிள்ளை. மேலே ஒருவரும் இல்லை என்பதே அதன் பொருள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கடிதங்கள் இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பிரதிகள்தான், மூலங்கள் ஓர்ட்னரில் அந்தந்த இடத்தில் இருக்கின்றன.

இதை நான் ஜெர்மனிலேயே எழுதி நேரே அதிகாரிக்கு அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஆனால் அங்கே விளக்கம் சொன்னவர் நீங்கள். அதைத் திருத்துகிற உரிமையும் உங்களுக்குத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. ஆகவே தமிழில் எழுதி உங்கள் விலாசத்துக்கு அனுப்புகிறேன். முழுவதையும் மொழிபெயர்த்துக் கொடுப்பதோ, சுருக்கிக் கொடுப்பதோ, கொடுக்காமல் விடுவதோ உங்கள் விருப்பம். நான் வற்புறுத்தமாட்டேன். வழக்கு பதினாலாம் தேதி. என் பங்குக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால், அது என் பிழை ஆகாது.

இப்படிக்கு,
சச்சிதானந்தன்